பனிக்காலக் கூரை ஒழுக்கு: பழுது ஷிங்கிளிலா, அற்றிக்கிலா?

2025 ஜனவரி 21, இரவு

கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

"அண்ணை, வீட்டின் வடக்குப் பக்கப் பீலி முழுக்க ஐஸ் கூர்கள் தொங்குகின்றன. மேல்மாடிப் படுக்கையறைச் சீலிங்கில், யன்னலுக்கு மேலே, மஞ்சள் கறை ஒன்று படர்கிறது. கூரைக்காரர் ஒருவர் வந்து முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு, ஷிங்கிள் முடிந்துவிட்டது, முழுக்க மாற்ற வேண்டும், இந்தக் கிழமைக்குள் கையெழுத்து வைத்தால் விலை குறைவு என்கிறார். ஷிங்கிள் போட்டுப் பதினொரு வருடம். மாற்றவா?"

கையெழுத்து வைக்காதீர்கள் தம்பி. ஷிங்கிள் என்றால் கூரை மேல் அடித்திருக்கும் தகடுகள். கூரை மேல் பனி மூடிக் கிடக்கும்போது முற்றத்தில் நின்று அவற்றின் நிலையைச் சொல்ல யாராலும் முடியாது. நீங்கள் எழுதிய அடையாளங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. கறை வெளிச்சுவர் ஓரமாக இருக்கிறது. அதற்கு நேரே வெளியில் பீலியில் ஐஸ் தொங்குகிறது. இது ஐஸ் டாம், அதாவது கூரை ஓரத்தில் ஐஸ் கட்டும் அணை.

நடப்பது இதுதான். வீட்டுச் சூடு சீலிங்கைத் தாண்டி, அதற்கும் கூரைக்கும் இடையில் இருக்கும் அற்றிக்குக்குள் ஏறுகிறது. கூரைப் பலகை உள்ளிருந்து சூடாகிறது. வெளியே மைனஸ் பத்து என்றாலும், பலகையைத் தொட்டுக் கிடக்கும் பனியின் அடிப்பக்கம் உருகத் தொடங்கும். அந்தத் தண்ணீர் பனிக்கு அடியால் வழிந்து தாழ்வாரம் வரை வருகிறது. தாழ்வாரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. அதற்குக் கீழே வீடும் இல்லை, சூடும் இல்லை. அங்கே வந்ததும் தண்ணீர் உறைகிறது. நாளுக்கு நாள் அந்த ஐஸ் வரம்பு உயர, பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்குகிறது. ஷிங்கிள் என்பது மேலிருந்து கீழே ஓடும் தண்ணீருக்காக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது. தேங்கிப் பின்பக்கமாக ஏறும் தண்ணீரை அது தடுக்காது. நாளைக்கே புது ஷிங்கிள் போட்டாலும் தடுக்காது.

நான் பல வருடம் ஸ்காபரோ, பிக்கரிங், ஏஜக்ஸ் பக்கம் அற்றிக்குகளுக்குள் இன்சுலேஷன், அதாவது சூடு கசியாமல் தடுக்கும் பஞ்சு, ஊதும் வேலை பார்த்தவன். ஷிங்கிள் மாற்றி இரண்டாம் பனிக்காலத்திலேயே அதே இடத்தில் ஒழுகிய வீடுகளுக்குள் தவழ்ந்து போயிருக்கிறேன். பெரும் காசைக் கொட்டிவிட்டுப் பக்கெட்டோடு நிற்கும் ஆட்களைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஜனவரி 22, காலை

நேற்று காரணம் எழுதினேன், இன்றைக்கு என்ன செய்வது என்று எழுதவில்லை. ஒழுக்கு இப்போதே நடக்கிறது அல்லவா.

முதலில் உள்ளே. சீலிங் பலகை தண்ணீர் நிரம்பித் தொங்கத் தொடங்கினால், கீழே பக்கெட் வைத்து, தொங்கும் இடத்தின் நடுவில் ஸ்குரூ டிரைவரால் ஒரு ஓட்டை குத்துங்கள். மனம் வராதுதான். ஆனால் தண்ணீர் ஒரு ஓட்டையால் இறங்கினால் அந்த ஓட்டையை அடைக்கலாம். இறங்க விடாவிட்டால் பலகையே பாளமாக விழும். பக்கத்தில் லைற் இருந்தால் அந்த சர்க்கிட்டின் பிரேக்கரை நிறுத்திவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். காப்புறுதிக்காரர் திடீரென்று நேர்ந்த சேதத்தையும் வருடக்கணக்கில் ஊறிய சேதத்தையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. திகதியோடு இருக்கும் படம் அங்கே கைகொடுக்கும்.

வெளியே: ஏணி வைத்து ஏறாதீர்கள். கோடாலி, சுத்தியல், சவள் எதுவும் வேண்டாம். குளிரில் ஷிங்கிள் விறைத்துப்போய் இருக்கும். ஐஸோடு சேர்த்து அதையும் உடைத்துவிடுவீர்கள். நடைபாதைக்குப் போடும் உப்பைக் கூரையில் வீசுவதும் கூடாது. பீலியும் ஆணியும் துருப்பிடிக்கும், கீழே இருக்கும் செடி பட்டுப்போகும்.

தரையில் நின்றபடி ரூஃப் ரேக் என்ற நீளக் கைபிடிப் பனி வாரியால் தாழ்வாரத்திலிருந்து மேலே மூன்று நான்கு அடிக்குப் பனியை இழுத்து விடலாம். ஷிங்கிள் தெரியும்வரை சுரண்ட வேண்டாம், இரண்டு அங்குலம் கிடக்கட்டும். பனி இல்லாவிட்டால் உருக ஒன்றும் இல்லை. கூரை தாழ்வாக, கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால், பழைய நைலோன் காலுறைக்குள் கல்சியம் குளோரைட் நிரப்பி ஐஸ் வரம்புக்குக் குறுக்காக, நுனி பீலிக்கு வெளியே வரும்படி வைக்கலாம். அது உருக்கும் வாய்க்கால் வழியாகத் தேங்கிய தண்ணீர் இறங்கும். இரண்டு மாடி வீட்டில் இதைச் செய்யப் போகாதீர்கள். நீராவியால் ஐஸை உருக்கித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், காசு கூடவாக இருந்தாலும் அவர்களைக் கூப்பிடுங்கள்.

ஜனவரி 22, மதியம்

சின்னதாக ஒன்று. வெளியே போய்த் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, உங்கள் கூரையையும் இரண்டு பக்கத்து வீட்டுக் கூரைகளையும் பாருங்கள். ஒரே பில்டர், ஒரே வருடம், ஒரே ஷிங்கிள் என்றால் ஒப்பிடுவது சுலபம். பக்கத்து வீட்டில் பனி சமமாகக் கிடந்து, உங்கள் வீட்டில் மட்டும் முகட்டுப் பக்கம் கறுப்பாகத் தெரிந்தால், வீட்டைச் சூடாக்க வேண்டிய உங்கள் ஃபர்னஸ் கூரையைச் சூடாக்குகிறது என்று அர்த்தம். வட்டமாக ஒரு இடம் மட்டும் உருகியிருந்தால் அதற்குக் கீழே குளியலறை விசிறியோ சீலிங்குக்குள் பதித்த பொட் லைற்றோ இருக்கும். வேலைக்குப் போகும்போது உள்ளே நுழையும் முன்பே இதைப் பார்த்து எங்கே தேட வேண்டும் என்று முடிவு செய்துவிடுவோம்.

ஜனவரி 25

தம்பி அற்றிக்குக்குள் தலையை நீட்டிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். எல்லாமே அந்தப் படங்களில் இருக்கிறது.

இன்சுலேஷன் பழைய மஞ்சள் ஃபைபர் கிளாஸ், ஆறு அங்குலம்போல. சட்டங்களின் மேல் விளிம்பு வெளியே தெரிகிறது. இது ஆர்-20 அளவு. ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு, கூடக் கூட நல்லது. ஒன்ராறியோவில் இப்போது புது வீட்டு அற்றிக்குக்கு ஆர்-60 கேட்கிறார்கள். செலுலோஸ் என்ற காகிதப் பஞ்சை ஊதினால் அதற்குப் பதினேழு அங்குலம் அளவில் வேண்டும்.

ஆனால் தடிப்பைப் பற்றிக் கதைப்பதற்கு முன் இரண்டாவது படத்தைப் பாருங்கள். குளியலறை விசிறியின் குழாய் கழன்று இன்சுலேஷன் மேலேயே கிடக்கிறது. குளிக்கும் ஒவ்வொரு முறையும் சூடான ஈரக்காற்று முழுவதும் நேரே அற்றிக்குக்குள். பக்கத்தில் கூரைப் பலகையால் வெளியே வந்திருக்கும் ஆணி நுனிகள் எல்லாம் வெள்ளை. அது உறைபனி. சோற்றுப் பானை மூடியில் ஆவி படிவது மாதிரி, அங்கே குளிர்ந்த ஆணியிலும் பலகையிலும் படிந்து உறைகிறது. வெயில் வந்து அற்றிக் சூடாகும் நாளில் அது எல்லாம் ஒன்றாக உருகிச் சொட்டும். வெளியில் மழையும் இல்லை, கூரையிலும் ஓட்டை இல்லை, வீட்டுக்குள் மட்டும் ஒழுகும். கூரைக்காரரைக் கூப்பிட்டால் அவர் ஷிங்கிளைத்தான் காட்டுவார்.

ஆக இந்த வீட்டில் இரண்டு நோய். ஐஸ் டாம் ஒன்று, அற்றிக் ஈரம் மற்றது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: சீலிங்கில் இருக்கும் ஓட்டைகள்.

நான் செய்யும் ஒழுங்கு இப்படி. விசிறிக் குழாயை முதலில் பிடிக்க வேண்டும். இன்சுலேஷன் சுற்றிய குழாய் போட்டு, கூரை வழியாகவோ பக்கச் சுவர் வழியாகவோ முற்றாக வெளியே விட வேண்டும். தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தை மூடும் சொஃபிற்றில் விட்டால் அந்த ஈரக்காற்று பக்கத்து சொஃபிற் ஓட்டையால் திரும்ப உள்ளே ஏறும். அப்புறம் பொட் லைற்றுகள், வயர் இறங்கும் ஓட்டைகள், பிளம்பிங் குழாயைச் சுற்றிய இடைவெளி, உட்சுவர்களின் தலைப்பலகை ஓரங்கள். இவற்றை நுரையாலும் கோல்க் என்ற அடைப்புப் பசையாலும் அடைக்கலாம். ஃபர்னஸ் புகைக்குழாயைச் சுற்றி மட்டும் நுரை அடிக்கவே கூடாது. அங்கே தகரமும் தீ தாங்கும் கோல்க்கும்தான். கடைசியாக அற்றிக் ஏறும் மூடி. எத்தனை வீட்டில் அது வெறும் ஒரு துண்டுப் பலகையாகக் கிடக்கிறது! ஓரத்துக்கு ரப்பர் பட்டி ஒட்டி, முதுகில் தடித்த நுரைப்பலகை ஒட்டினால் போதும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் இன்சுலேஷன் ஊத வேண்டும். முதலில் ஊதிவிட்டால் ஓட்டைகள் அதற்கு அடியில் மறைந்துவிடும். காற்று இன்சுலேஷனுக்குள்ளால் போய்க்கொண்டே இருக்கும்.

ஜனவரி 25, பின்னேரம்

மேலே காற்றோட்டம் பற்றி எழுத விட்டுப்போனது. பலரும் அதைத்தான் முதலாவதாகச் சொல்வார்கள் என்பதால் தனியாக எழுதுகிறேன்.

அற்றிக் குளிராக இருப்பதுதான் நல்லது. வெளிக்காற்று சொஃபிற்றால் நுழைந்து முகட்டுப் பக்கத்தால் வெளியேற வேண்டும். விதி எளிது: இன்சுலேஷன் போட்ட சீலிங் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றுத் திறப்பு. நூறு சதுர மீற்றர் வீட்டுக்கு ஒரு சதுர மீற்றரின் மூன்றில் ஒரு பங்கு. சரிவு மிகக் குறைந்த கூரைக்கு இதில் இரு மடங்கு. தம்பியின் மூன்றாவது படத்தில் தாழ்வார ஓரம் முழுக்க இன்சுலேஷன் அடைத்துக் கிடக்கிறது. வெளியில் பார்த்தால் சொஃபிற்றில் அழகாகத் துளைகள் இருக்கின்றன, உள்ளே ஒரு துளிக் காற்றும் போகாது. ஒவ்வொரு கைமரத்துக்கும் இடையில் பஃபிள், அதாவது இன்சுலேஷன் அடைக்காமல் காற்றுக்கு வழி விடும் தட்டு, வைத்து வழி திறக்க வேண்டும்.

கூரையில் மின்விசிறி பூட்டச் சொல்லி யாராவது வந்தால் யோசியுங்கள். சீலிங் ஓட்டைகள் அடைபடாமல் அந்த விசிறி சுழன்றால், அது வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் மேலே இழுக்கும். நீங்கள் காஸ் பில் கட்டிச் சூடாக்கிய காற்று அது.

ஜனவரி 26

பிரம்ப்டன் அக்கா ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வீட்டில் மட்டும் ஏன் யன்னல் எல்லாம் தண்ணீர் வடிகிறது? பக்கத்து வீட்டில் இல்லையே."

எங்கள் வீடுகளில் சனம் அதிகம். தாய் தகப்பன், பிள்ளைகள், பேஸ்மென்ற்றில் குடியிருப்போர் என்று ஒரு கூரைக்குக் கீழே ஏழெட்டுப் பேர். காலையில் புட்டு அவிகிறது, மதியம் சோறு கொதிக்கிறது, இரவில் ரசம். நாள் முழுக்கக் குளியல். வெளியில் உறைவதால் உடுப்பும் உள்ளேதான் காய்கிறது. இந்த ஈரம் எல்லாம் வெளியே போக வழி தேடும். யன்னல் கண்ணாடியில் படிவது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அற்றிக் பலகையில் படிவது தெரிவதில்லை.

சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிக் குசினிப் பக்கம் வையுங்கள். கடும் குளிர் நாட்களில் 30 வீதத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. 50 என்று காட்டினால் அற்றிக்கைப் பார்க்காமலே சொல்லலாம், அங்கே உறைபனி இருக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. சமைக்கும்போது அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியைப் போடுங்கள். அது உண்மையாகவே வெளியே விடுகிறதா, இல்லை வடிகட்டி வழியாகத் திரும்பக் குசினிக்குள்ளேயே ஊதுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையே நிறைய வீடுகளில். குளித்து முடித்தும் அரை மணி நேரம் விசிறி ஓடட்டும். ஃபர்னஸில் பூட்டிய ஈரமூட்டியைத் திறந்து வைத்திருந்தால், எட்டுப் பேர் வீட்டுக்கு அது தேவையே இல்லை, நிறுத்திவிடுங்கள்.

சமையலைக் குறைக்கச் சொல்லவில்லை அக்கா. காற்றுக்கு ஒரு நேர்வழி கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஜனவரி 27

நேற்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன், எங்கள் ஆட்கள் ஏன் ஒழுக்கு என்றதும் உடனே கூரையை மட்டும் பார்க்கிறார்கள் என்று. ஊரில் ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே ஒழுகினால் நேரே மேலே ஓடு உடைந்திருக்கும், அல்லது குரங்கோ தேங்காயோ அதை நகர்த்தியிருக்கும். மழைக்கு முன் ஒரு ஆள் ஏறி ஓடு மாற்றிவிட்டு இறங்குவார். ஓட்டு இடுக்கால் காற்றும் தாராளமாகப் போகும், ஈரம் தங்கவே தங்காது. அந்த அறிவு அந்த வீட்டுக்கு முழுக்கச் சரி. இங்கே வீட்டை இறுக்கி மூடி, உள்ளே 21 பாகையும் வெளியே மைனஸ் 15 பாகையுமாக வைத்திருக்கிறோம். 36 பாகை வித்தியாசத்தை அரை அங்குலச் சீலிங் பலகையும் அதன் மேல் இருக்கும் பஞ்சும்தான் தாங்க வேண்டும். ஒழுக்கு ஒரு இடத்தில் தொடங்கி, பலகை வழியே பத்து அடி ஓடி, வேறு அறையில் சொட்டும்.

எங்கள் அப்பா உயிரோடு இருந்தால் இதை நம்பியிருக்க மாட்டார். நல்ல மேசன் அவர்.

ஜனவரி 30

இரண்டு விஷயம்.

முதலாவது காசு. ஒன்ராறியோவில் 2025 ஜனவரி 28ஆம் திகதி ஒரு புதுச் சலுகைத் திட்டம் தொடங்கியிருக்கிறது, வீட்டுப் புதுப்பிப்புச் சேமிப்புத் திட்டம். அற்றிக் இன்சுலேஷன், காற்றுக் கசிவு அடைப்பு, யன்னல் போன்றவற்றுக்கு 30 வீதம் வரை திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். வேலையைத் தொடங்கும் முன் விதிகளை வாசியுங்கள். வீட்டுச் சக்திப் பரிசோதனை முதலில் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. வேலை முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. அந்தப் பரிசோதனையில் முன்கதவில் பெரிய விசிறி பூட்டி வீட்டுக் காற்றை இழுத்து, எங்கெங்கே கசிகிறது என்று காட்டுவார்கள். சலுகை இல்லாவிட்டாலும் அதைச் செய்வது நல்லது.

இரண்டாவது ஆபத்து. ஈஸ்ட் யோர்க், பழைய ஸ்காபரோப் பகுதி வீடுகளில் 1990க்கு முன் போட்ட இன்சுலேஷன் சாம்பல், பொன்னிறத்தில் சின்னச் சின்னச் சரளைக்கல் மாதிரி மினுங்கினால் அதைத் தொடாதீர்கள். வெர்மிகுலைற் அது. அமெரிக்காவின் மொன்ரானாவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்ததில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. கனடாவிலும் நிறைய வீடுகளில் அதைக் கொட்டினார்கள். அற்றிக்கை மூடிவிட்டு, சோதனை செய்யும் ஆட்களைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளின் பொருட்களை அங்கே அடுக்கி வைத்திருந்தால் அதையும் நீங்களாக எடுக்கப் போகாதீர்கள். ஒருமுறை, அது என்ன என்று யாரும் சொல்லாததால், ஒரு குடும்பம் அதைக் கூட்டி அள்ளிக் கறுப்புப் பைகளில் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். வீட்டில் கைக்குழந்தை.

பெப்ரவரி 5

"தாழ்வாரத்தில் வளைத்து வளைத்துப் பூட்டும் சூட்டு வயர் போட்டால் போதாதா?" என்று ஏஜக்ஸ் வாசகர்.

ஐஸுக்குள் ஒரு வாய்க்கால் திறந்து வைக்கும், அவ்வளவுதான். மின்சாரம் போகும், வயர் சில வருடத்தில் பழுதாகும், சூடு கசிவது நிற்காது. ஆனால் முற்றாகத் தள்ளிவிடவும் மாட்டேன். சில வீடுகளில் அற்றிக் என்றே ஒன்று இல்லை. போருக்குப் பின் கட்டிய ஒன்றரை மாடி வீடுகள், மேல் அறையின் சீலிங்கே சரிந்த கூரையாக இருக்கும். கைமரத்துக்கு இடையில் இன்சுலேஷனுக்கும் இடம் இல்லை, காற்றுக்கும் இடம் இல்லை. அந்த வீடுகளில் அடுத்த முறை கூரை பிரிக்கும்போது வெளிப்பக்கமாக நுரைப்பலகை போடலாம். அதுவரைக்கும் சமாளிக்க சூட்டு வயர் சரி.

பெப்ரவரி 13

இரவு முழுக்கக் கொட்டியிருக்கிறது. காலையிலிருந்து ஒரே கேள்வி: கூரை தாங்குமா?

கணக்கைப் பாருங்கள். ஒன்ராறியோவில் விதிப்படி கட்டிய வீட்டுக் கூரை குறைந்தபட்சம் ஒரு கிலோபாஸ்கல் பனிச் சுமைக்குக் கணக்கிடப்படும், அதாவது ஒரு சதுர மீற்றருக்கு நூறு கிலோ அளவு. புதிதாக விழுந்த பஞ்சுப் பனி ஒரு கன மீற்றருக்கு 50 முதல் 100 கிலோ. கூரையில் 30 சென்ரிமீற்றர் கிடந்தாலும் சதுர மீற்றருக்கு 30 கிலோவைத் தாண்டாது. 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 36 சென்ரிமீற்றர் விழுந்தது. சரிவான வீட்டுக் கூரைகள் தாங்கிக்கொண்டன. ஆகவே பயந்துபோய் ஏறாதீர்கள். பனி இறக்க ஏறி விழுந்தவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவர் இன்னும் பொல்லோடு நடக்கிறார்.

கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. பின்பக்கம் நீட்டிக் கட்டிய தட்டைக் கூரை, கார் நிறுத்தும் கொட்டகை, அனுமதி இல்லாமல் போட்ட சன் ரூம், உயரமான சுவரை ஒட்டிய தாழ்ந்த கூரை. சுவரோடு காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும். அங்கே ஒரு மீற்றர் உயரத்துக்கு நின்று, பல நாள் இறுகி, மேலே மழையும் பெய்தால், கன மீற்றருக்கு 300 கிலோ வரும். அப்போது கணக்கு மாறிவிடும். உள்ளே கதவு திடீரென்று இறுகுவது, சுவரில் புது வெடிப்பு, சட்டம் முனகும் சத்தம், சீலிங் நடுவில் தாழ்வது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வெளியே வந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று: இந்தத் தடித்த பனியே சூட்டைப் பிடித்து வைக்கும். புதுப்பனி அங்குலத்துக்கு ஆர்-1 அளவு. பத்து அங்குலம் கிடந்தால் கூரைக்கு மேலே ஆர்-10 போட்ட மாதிரி ஆகி, கூரைப் பலகை இன்னும் சூடாகும். போன மாதம் ஐஸ் டாம் வராத வீட்டிலும் இந்த வாரம் வரலாம். 2015 பெப்ரவரியில் அமெரிக்காவின் பொஸ்ரனில் நடந்தது இதுதான். அந்தக் குளிர்காலத்தில் அங்கே மொத்தம் 110.6 அங்குலப் பனி, அதில் பாதிக்கு மேல் அந்த ஒரே மாதத்தில். எத்தனையோ நல்ல வீடுகளும் ஒழுகின.

பெப்ரவரி 16

மறுபடியும் பனி. கூரையை விட்டுவிட்டு இன்று வீட்டின் பக்கச் சுவரைப் போய்ப் பாருங்கள், தயவுசெய்து. புது ஃபர்னஸ்களும் பல தண்ணீர்ச் சூடாக்கிகளும் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரில்தான் புகை விடும். குவிந்த பனியோ, ரேக்கால் நீங்களே இழுத்து விட்ட பனியோ அதை மூடினால் ஃபர்னஸ் நின்றுபோகும், அல்லது கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அலாரம் பற்றரியோடு வேலை செய்கிறதா என்று பாருங்கள், பேஸ்மென்ற்றில் இருப்பவர்களுக்கும் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ரேக் பற்றி ஜனவரி 22 எழுதியதில் ஒன்று சேர்க்கிறேன். பனியை இழுக்கும் முன் மேலே மின்கம்பி எங்கே வருகிறது என்று பாருங்கள். கைபிடி அலுமினியம். வாசல் கதவுக்கு நேர் மேலே இருந்து இழுக்கவும் வேண்டாம், இன்று பின்னேரம் வழி அடைபட்ட கதை ஒன்று வந்தது.

மார்ச் 11

உருகத் தொடங்கிவிட்டது. பகலில் தண்ணீர், இரவில் ஐஸ். கூரைக்கு இந்த மாதம்தான் கடினமானது என்பேன். தண்ணீர் உறையும்போது ஒன்பது வீதம் பருக்கும். புகைக்கூண்டுச் செங்கல்லின் மயிர் வெடிப்புக்குள் புகுந்த தண்ணீர் ஒவ்வொரு இரவும் அதை இன்னும் கொஞ்சம் பிளக்கும். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் மறைக்கும் தகர பிளாஷிங்கிலும் இதே கதைதான். முற்றத்தில் செங்கல் சிதறல் கிடக்கிறதா, பீலி வாயில் ஷிங்கிளின் கறுப்பு மணல் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் மணல் எப்போதும் வரும். கை நிறைய வந்தால் ஷிங்கிள் வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பீலித் தண்ணீர் இறங்கும் குழாய் வாய் நடைபாதைப் பக்கம் திரும்பியிருந்தால் திருப்பிவிடுங்கள். ரொறன்ரோவில் அதைக் கழிவுநீர்க் குழாயோடு இணைக்க விடுவதில்லை, தரையில்தான் விட வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டு அம்மா வழுக்கி விழும் இடத்தில் விட வேண்டியதில்லை.

மார்ச் 31

ஒரில்லியா, பீற்றர்பரோ, பரி பக்கம் இருப்பவர்கள் எப்படி இருக்கிறீர்கள்? உறைமழை அங்கே மரங்களை முறித்துப் போட்டிருக்கிறது. 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் நடந்தது நினைவுக்கு வருகிறது. நத்தார் நேரத்தில் மின்சாரம் இல்லாமல் சனம் உறவினர் வீடுகளில் அடைந்து கிடந்தது.

கிளை கூரையில் விழுந்திருந்தால் இழுக்காதீர்கள். ஷிங்கிளைக் குத்தி நிற்கும் கிளை சில வேளை அந்த ஓட்டையைத் தானே அடைத்தபடி இருக்கும். படம் எடுத்து, காப்புறுதிக்கு அறிவித்து, ஆள் வந்து எடுத்த உடனே தார்ப்பாய் போட ஆயத்தமாக இருங்கள். மின்கம்பி தொட்டுக்கொண்டிருந்தால் கிட்டவே போக வேண்டாம். ஜெனரேற்றரைக் கராஜுக்குள் வைத்து ஓட்ட வேண்டாம், கதவு திறந்திருந்தாலும்.

மே 4

மார்க்கம் தம்பி எழுதியிருக்கிறார். ஏப்ரலில் அற்றிக் வேலை முடித்துவிட்டார்: விசிறிக் குழாய் வெளியே, ஓட்டைகள் அடைப்பு, பஃபிள், அதன் மேல் செலுலோஸ். கூரை மாற்றக் கேட்ட விலையில் ஒரு சின்னப் பங்குதான் முடிந்ததாம். வேறொரு கூரைக்காரர் ஏறிப் பார்த்து, ஷிங்கிள் இன்னும் சில வருடம் போகும், குளியலறைக் குழாய் ரப்பர் வளையம் மட்டும் வெடித்திருக்கிறது என்று அதை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஏறிப் பார்க்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

அவர் கடைசியாகக் கேட்டது: "சில வருடம் கழித்துக் கூரை மாற்றும்போது என்ன கேட்க வேண்டும்?"

தாழ்வாரத்தில் ஐஸ் தடுப்புப் படலம் எவ்வளவு தூரம் போடுவார்கள் என்று கேளுங்கள். விதி கூரையின் ஓரத்திலிருந்து மேலே 900 மில்லிமீற்றர், அதோடு வெளிச்சுவரின் உட்பக்கக் கோட்டைத் தாண்டி 300 மில்லிமீற்றர் உள்ளே வர வேண்டும். உங்கள் தாழ்வாரம் அகலமாக இருப்பதால் ஒரு சுருள் அகலம் போதாது, இரண்டு வரிசை வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு கூரைச் சரிவு சேரும் பள்ளத்திலும் அதே படலம். பழைய ஷிங்கிளுக்கு மேலேயே புதியதை அடிப்பேன் என்றால் வேண்டாம். முழுக்கக் கழற்றிப் பலகையைப் பார்க்க வேண்டும். கறுத்த பலகை இருந்தால் அதை மாற்ற ஒரு பலகைத் தாளுக்கு என்ன விலை என்று முன்னமே கேளுங்கள். வேலையைக் கோடையில் வையுங்கள். ஷிங்கிளுக்கு அடியில் இருக்கும் ஒட்டும் பட்டி வெயில் சூட்டில்தான் பிடிக்கும். நவம்பர் கடைசியில் அடித்தால் அது ஒட்டாமலே குளிர்காலக் காற்றுக்குள் போகும். கட்டாயம் குளிரில்தான் செய்ய வேண்டும் என்றால், ஒவ்வொரு ஷிங்கிளுக்கும் கையால் பசை வைப்பார்களா என்று கேளுங்கள்.

அற்றிக்குக்குள் அடுத்த ஜனவரியில் ஒரு கடும் குளிர் நாளில் டோர்ச் அடித்து ஆணிகளைப் பார்த்து எழுதுங்கள் தம்பி. வெள்ளை இருந்தால் இன்னும் ஒரு ஓட்டை எங்கோ இருக்கிறது, சேர்ந்து தேடலாம்.